சீட்டைத் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானது அல்ல. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருத்தி நம்பிக்கையோடு என் மேசைமீது வைத்த தாளிலிருந்து எடுத்தது. அப்படி வைக்கப்படும் தாள்களைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று நீதிமன்றத்தில் நான் சத்தியம் செய்திருக்கிறேன்.

உருக்காலை ஊரான ஸெனிட்சாவில் ஆவணங்களை மொழிபெயர்ப்பவள் நான். எங்கள் ஊர்க்காரர்களின் பிறப்புச் சான்றிதழ், பட்டம், குற்றமின்மைச் சான்று எல்லாவற்றையும் ஜெர்மனில் எழுதி, அடியில் வட்ட முத்திரை குத்திக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக இந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாக என் மேசை வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருக்கிறது. முதலில் வெல்டர்கள், பிறகு லாரி ஓட்டுநர்கள், பிறகு செவிலியர்கள். இப்போது மருந்தாளுநர்கள்.

மே மாதம் ஒரு காலை, ஒரு பெண் வந்து ஒற்றைத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"ராஸியாக்கா, இதை எனக்கு நம்ம மொழியில படிச்சுச் சொல்லுங்க. நான் புரிஞ்சுக்கிட்டது தப்பா இருக்கணும்."

அவளுடைய ஜெர்மன் என்னுடையதற்குக் குறைந்ததல்ல. தாளில் இரண்டாம் பத்தி இப்படி இருந்தது: 'மருத்துவரின் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்தை, சீட்டைப் பிறகு பெற்றுக்கொள்வதாகச் சொல்லித் தேர்வர் நோயாளியிடம் கொடுத்தார். ஆகவே தேர்ச்சி பெறவில்லை.'

"சரியாத்தான் புரிஞ்சிருக்க," என்றேன்.

அவள் தாளை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. "மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். அதற்கு நான்தான் அழவேண்டியிருந்தது.

அந்த இரண்டாம் பத்தியில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. அதைப் படித்தபோது என் காது ஏன் சூடானது என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போது தைரியமில்லை. [நான்காம் பகுதி வரும்போது நான் வேறு பேச்சுக்குத் தாவினால், தயவுசெய்து விடாதீர்கள்.]

2

அவளை இஸ்மேதா என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் இதைவிட அழகு. கணவன் பெயரையும் மகள் பெயரையும் மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. உருக்காலைப் புகை இல்லாத ஊரில் இவளை நிறுத்திப் பார்த்தால் யாரோ போலத் தெரிகிறாள்.

முதல் தொடக்கம்:

'இஸ்மேதா அறுபத்தொரு மருந்துக்கடைகளுக்கு எழுதினாள். நாற்பது பேர் பதிலே போடவில்லை. இருபது பேர், உங்களிடம் வேலை செய்யும் உரிமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். உரிமம் தருகிற அலுவலகம், அறிவுத் தேர்வில் தேறியிருக்கிறீர்களா என்று கேட்டது. தேர்வு நடத்துகிற இடம், உங்களுக்கு வேலை தர ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டது. விசா தருகிற தூதரகமோ, ஒப்பந்தத்தையும் உரிமத்தையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்றது. வட்டமாக நிற்கும் நான்கு பேர், ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைக் கைகாட்டி, அவரைக் கேளுங்கள் என்று—'

நிறுத்திவிட்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் செய்தித்தாளில் வரவேண்டியது. இதில் ஒரு முகமும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்:

'பேருந்து எல்லையில் நின்றபோது இஸ்மேதா தன் கடவுச்சீட்டை—'

இதுவும் வேண்டாம். அந்தப் பேருந்தில் நான் போனதில்லை. போகாத பேருந்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மழையை வர்ணித்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மூன்றாம் தொடக்கம்:

'இஸ்மேதாவின் கல்லாவுக்குக் கீழே வலப்பக்க இழுப்பறையில் ஒரு கத்தரிக்கோல் உண்டு.'

இது பரவாயில்லை. இங்கே ஆரம்பிக்கிறேன்.

3

இஸ்மேதாவின் கல்லாவுக்குக் கீழே வலப்பக்க இழுப்பறையில் ஒரு கத்தரிக்கோல் உண்டு. மாத்திரை அட்டையை வெட்டுவதற்கு. எங்கள் சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு வாங்கக் காலை ஆறரைக்கு வரிசையில் நிற்கவேண்டும். பதினொன்றுக்கு உள்ளே போனால், டாக்டர் கருத்தரங்குக்குப் போயிருப்பார். அதற்குள் மாத்திரை தீர்ந்தவர்கள் இஸ்மேதாவிடம் வருவார்கள். அவள் பெயர் கேட்கமாட்டாள், எல்லோரையும் தெரியும். அட்டையிலிருந்து நான்கோ ஐந்தோ வெட்டித் தாளில் சுற்றி, பேனாவால் 'காலை ஒன்று' என்று எழுதி, எப்போதும் அதே வார்த்தைகளைச் சொல்வாள்: சீட்டைத் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள்.

கொண்டுவருவார்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எட்டு வருடத்தில் கொண்டுவராதவர் இருவர்தான் என்றாள். ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டார்.

என் தாய்க்கும் அப்படிக் கொடுத்திருக்கிறாள். பெருநாளுக்கு முந்தின மாலை, கடையை மூடிவிட்டுப் போனவள், திரும்பி வந்து திறந்து கொடுத்தாள். சிறிய நன்மைகளால்தான் இந்த உலகம் இடிந்து விழாமல் நிற்கிறது என்று நம்புகிறவள் நான். இறைவன் பெரிய காரியங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வேலைகளை நம்மிடம் விட்டிருக்கிறான். இஸ்மேதாவின் கத்தரிக்கோலை அந்த வேலைகளில் ஒன்றாகவே எண்ணியிருந்தேன்.

பிறகு ஏன் போகிறாள் என்று கேட்பீர்கள். அவள் கணவன் நெஜாத் இரண்டு வருடமாக ஜெர்மனியில், ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். ஓர் அறையில் நான்கு பேர். மற்றவர்கள் தூங்கவேண்டும் என்பதால் சமையலறையில் நின்றபடிதான் வீட்டுக்குப் பேசுவான். மகள் ஜானாவுக்கு ஐந்து வயது. ஒருநாள் என் அலுவலகத்திலேயே கேட்டாள்: "அம்மா, அப்பா வீட்டுல அடுப்படி மட்டும்தான் இருக்கா? நாம போனா எங்க படுக்கிறது?"

மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள நெஜாத்தின் சம்பளமும் வீடும் போதாது என்று எழுதிவிட்டார்கள். இஸ்மேதா மருந்தாளுநராகப் போனால் போதும். மூவரும் ஒரே வீட்டில் இருப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

அறுபத்தொன்றாவது கடைக்காரி பதில் போட்டாள். பெயர் ஃபிராவ் ஹில்ட்ரூப்; ஃபிராவ் என்றால் திருமதி. சின்ன ஊர், ஒரே மருந்துக்கடை. கையால் எழுதிய கடிதம்: 'என்னோடு முப்பது வருடம் வேலை செய்தவர் ஓய்வு பெறுகிறார். செப்டம்பர் ஒன்றாம் தேதிவரை உங்களுக்காக இடத்தை வைத்திருப்பேன். அதற்குமேல் என்னால் தனியாகக் கடையைத் திறந்துவைக்க முடியாது. மன்னிக்கவும். நீங்கள் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.'

வட்டத்தில் நின்ற நால்வரில் ஒருவர் கையை நீட்டிவிட்டார். தேர்வு மட்டும் தேறவேண்டும். ஏப்ரலில் ஒன்று, தவறினால் ஜூலையில் ஒன்று. அதற்கடுத்தது நவம்பரில்தான்.

[இவளை நான் மிகவும் நல்லவளாக எழுதுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. இஸ்மேதாவுக்குக் கோபம் வரும். நெஜாத்தோடு தொலைபேசியில் சண்டை போடும்போது அவள் வாயில் வரும் வார்த்தைகளை நான் எந்த மொழியிலும் மொழிபெயர்க்கமாட்டேன். என் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நகத்தைக் கடித்து என் தரைவிரிப்பின் ஓரத்தில் தள்ளிவிடுவாள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.]

4

நான்காம் பகுதி.

மார்ச் மாதம் பெய்த பனியைப் பற்றி ஒரு வார்த்தை—

இல்லை. சொல்கிறேன்.

தேர்வில் ஒரு பகுதி, கல்லாவில் நடக்கும் உரையாடல். மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நோயாளியாக நடிப்பார். அதற்குப் பழக இஸ்மேதா மார்ச் முழுக்க என் அலுவலகத்துக்கு வந்தாள். நான் நோயாளி. மேசைதான் கல்லா.

நான் ஜெர்மனில் சொன்னேன்: ஐயோ, என் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, இன்று வெள்ளிக்கிழமை, டாக்டர் விடுமுறையில் இருக்கிறார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, பாடப் புத்தகத்தில் உள்ளபடி பதில் சொன்னாள்: மன்னிக்கவும், சீட்டு இல்லாமல் இதை என்னால் தர முடியாது.

முதல் முறையிலேயே சரியாகச் சொன்னாள். நீங்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

என்னால் தாங்க முடியவில்லை. ஜெர்மனை விட்டு எங்கள் பேச்சுக்கு வந்துவிட்டேன்.

"என்னடி இது? கல்லு மாதிரி சொல்ற?"

"சட்டம் அப்படித்தான்க்கா. புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துல இருக்கும். முன்னால நிக்கிறது மனுஷி இல்லையா? என் அம்மாவுக்குக் கடையைத் திறந்து கொடுத்தியே, அந்த இஸ்மேதா எங்க போனா?"

"அது இங்கக்கா. அங்க வேற."

"மனுஷங்க எங்கயும் ஒண்ணுதான். நீ நீயாவே இரு. உன் மனசு அவங்களுக்குத் தெரியும். அதுக்கும் மேல அல்லாஹ்வுக்குத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்க்கிற குழந்தைபோல, யாரை நம்புவது என்று தெரியாத பார்வை. பிறகு சிரித்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

ஏப்ரலில் அவள் என்னை நம்பினாள்.

இந்தக் கதையின் முதல் மூன்று வரைவுகளில் இந்தப் பகுதி கிடையாது. அவற்றில் இஸ்மேதா தானாகவே தவறு செய்கிறாள், நான் பக்கத்தில் நின்று இரங்குகிறேன். மிக உருக்கமாக இருந்தது.

5

தேர்வில் நடந்தது, அவள் சொன்னபடி:

நோயாளியாக நடித்தவர் வெள்ளைத் தலைமுடிக்காரர், சாந்தமான மனிதர். நன்றாக நடித்தார். பயமாக இருக்கிறது, தலை சுற்றுகிறது, வீட்டில் யாரும் இல்லை என்றார். இஸ்மேதா என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள், எவ்வளவு நாளாக என்று கேட்டாள். எல்லாம் சரியாகப் போனது. பிறகு அவர் குரல் உடைந்தது. இவள் கை தானாக வலப்பக்கம் கீழே போனது, அங்கே இழுப்பறை இல்லை. இருந்தாலும் காற்றில் கத்தரிக்கோலை எடுத்தாள். காற்றில் அட்டையை வெட்டினாள். "சீட்டைத் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள்," என்றாள், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத ஜெர்மனில்.

மூவரும் எழுதுவதை நிறுத்தினார்கள்.

நடித்தவர் மெல்லக் கேட்டாராம்: "உங்கள் ஊரில் இப்படித்தானா?"

"ஆமாம்," என்றாள் பெருமையாக.*

* இந்தப் 'பெருமையாக' என்ற சொல்லை எடுத்துவிடும்படி இஸ்மேதா கேட்டாள். பழைய வரைவை அவளுக்குப் படித்துக் காட்டினேன், மறைக்கவில்லை. "பெருமை இல்லக்கா, நிம்மதி. கஷ்டமான இடம் தாண்டிருச்சுன்னு நினைச்சேன்," என்றாள். நான் எடுக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

அந்த மூவர்மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மாலையும் ஓர் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் முறை மருத்துவர் கிடைப்பார். எங்களுக்குச் சீட்டு என்பது பின்னால் வருவது. அவர்களுக்கு முன்னால் வருவது. அதை நான் இருபத்திரண்டு வருடம் அவர்கள் சட்டங்களை மொழிபெயர்த்தும் புரிந்துகொள்ளவில்லை.

6

இங்கே ஒரு மூன்று பக்கம் இருந்தது. நான் எழுதியதிலேயே அழகான மூன்று பக்கம். அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

தோற்று வந்த இஸ்மேதா, முடியாது என்று சொல்லிப் பழகவேண்டும் என்று தன் கடையிலேயே முயன்றாள். பக்கத்தில் புரெக் என்னும் இறைச்சிச் சுருள் சுட்டு விற்கும் ஹசீபா பிரஷர் மாத்திரை கேட்டு வந்தாள். இஸ்மேதா மறுத்தாள். ஹசீபா முணுமுணுத்துக்கொண்டே டாக்டரிடம் போனாள். அங்கே சோதித்தால், பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து! ஹசீபா கண்ணீரோடு திரும்பி வந்து இஸ்மேதாவைக் கட்டிக்கொண்டாள். மறுப்பதும் ஒரு நன்மை என்று எல்லோருக்கும் புரிந்தது.

பொய். இறைவன் என்னை மன்னிக்கவேண்டும். எனக்குச் சௌகரியமாக இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் இரத்த அழுத்தத்தையே இறக்கிவிட்டேன்.

நடந்தது இதுதான்.

ஹசீபா மாவுக் கையோடு வந்தாள். "இஸ்மேதா, அந்த வெள்ளை மாத்திரை. சீக்கிரம், அடுப்புல தட்டு இருக்கு."

"சீட்டு இருக்காக்கா?"

"என்ன இருக்கா?"

"டாக்டர் சீட்டு."

ஹசீபா தன் முதுகுக்குப் பின்னால் திரும்பி, வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். "யாரைக் கேக்குற, என்னையா?"

"சீட்டு இல்லாம தரமுடியாதுக்கா. டாக்டரைப் பாத்துட்டு வாங்க." சொல்லிவிட்டு இஸ்மேதா அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த இருமல் மருந்துகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

"அடியே, விசாவே இன்னும் வரல. அதுக்குள்ள ஜெர்மன்காரி ஆயிட்டியா?"

ஹசீபா தெருவைத் தாண்டினாள். எதிர்க் கடையில் இரண்டு நிமிடத்தில் மாத்திரை கிடைத்தது. அங்கிருந்தே டப்பாவைத் தலைக்குமேல் தூக்கி இஸ்மேதாவுக்குக் காட்டி ஆட்டினாள். அவ்வளவுதான். யாரும் சாகப் பிழைக்கக் கிடக்கவில்லை, யாரும் பாடம் கற்கவில்லை.

ஆனால் மதிய இடைவேளையில் இஸ்மேதா பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு புரெக் கடைக்குப் போனாள். கை நீட்டச் சொன்னாள். நூற்று நாற்பதுக்கு எண்பத்தைந்து. எப்போதும் உள்ளதுதான். பிறகு ஏப்ரல் கதையைச் சொன்னாள். காற்றில் வெட்டிய கத்தரிக்கோல்வரை சொன்னாள்.

ஹசீபா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "காத்துல வெட்டினியா? எத்தனை மாத்திரை வெட்டின?"

"அஞ்சு."

"அஞ்சா? எனக்கு எப்பவும் நாலுதானே குடுப்ப?"

அப்புறம் சிரிப்பு நின்றது. தொண்ணூறுகளில் எங்கள் நாட்டில் நடந்த போரின்போது ஹசீபா பன்னிரண்டு வயதில் அகதியாக ஜெர்மனிக்குப் போனவள். ஆறு வருடம் அங்கே பள்ளியில் படித்தவள். "எங்களுக்கும் ஒரு கடுதாசி வந்துச்சு," என்றாள். "போர் முடிஞ்சிருச்சு, ரெண்டு மாசத்துல கிளம்புங்கன்னு. நல்ல தாளு. மரியாதையான எழுத்து. எங்கம்மா அதை இன்னும் வெச்சிருக்கா." கையிலிருந்த மாவை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். "சரி. உனக்கு ஜெர்மன் கிழவி வேணும், அவ்வளவுதானே? நான் இருக்கேன். அந்த முத்திரைக்காரி நடிச்சா இப்படித்தான் ஆகும். அவளுக்குக் கெஞ்சத் தெரியாது, உபதேசம் பண்ணத்தான் தெரியும்."

முத்திரைக்காரி நான்தான்.

7

ஜூன் தொடங்கிப் புரெக் கடையில் பழகினார்கள், மதியம் கூட்டம் வடிந்த பிறகு. நானும் போனேன், ஓரமாக உட்கார. பேசக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

ஹசீபா நடித்தது, அவள் குடும்பத்துக்கு ஜெர்மனியில் வீடு வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மாளைப் போல. அந்த அம்மாளின் இருமல், கைத்தடி, நாய்க்குட்டியைப் பற்றிய புலம்பல் எல்லாம் வரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிவாள். பர்சை வாங்க வந்த ஒரு வாடிக்கையாளர் உண்மையென்று நம்பித் தண்ணீர் கொண்டுவந்தார்.

[வாங்க வந்தது பர்சு இல்லை, புரெக். பதற்றத்தில் கை தடுமாறுகிறது. திருத்தாமல் விடுகிறேன்; இன்று என் நிலை உங்களுக்குத் தெரியட்டும்.]

முதல் வாரம் இஸ்மேதா சுவர்போல மறுத்தாள். இரண்டாம் வாரம் பத்து முறை மன்னிப்புக் கேட்டு மறுத்தாள்.

"ஏண்டி, நீ மருந்துக்கடைக்காரியா இல்ல என் கால்ல விழ வந்தவளா?" என்றாள் ஹசீபா.

"பின்ன எப்படித்தான்க்கா சொல்றது?"

"அன்னைக்கு நீ தரமாட்டேன்னு சொன்னதுக்கு எனக்குக் கோவம் வரல. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி டப்பா அடுக்க ஆரம்பிச்ச பாரு. அதுக்குத்தான் ரோட்டைத் தாண்டினேன்."

இஸ்மேதா எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். பிறகு, "மறுபடி ஆரம்பிங்க," என்றாள்.

அந்த முறை முடியாது என்று சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். கிழவிக்கு நாற்காலி போட்டாள். கடைசி மாத்திரை எப்போது போட்டீர்கள் என்று கேட்டு, பிரஷர் பார்த்தாள். முறை மருத்துவரின் எண்ணை அழைத்து, தொலைபேசியைக் கிழவியின் கையில் கொடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

ஹசீபா நடிப்பை மறந்து என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எனக்கு அப்போது தோன்றியதை எழுதினால் உபதேசம் என்பாள். எழுதவில்லை.

இது தேர்வில் சரியென்று ஏற்கப்படுமா? தெரியாது. நேரம் அதிகமாகிறது. கல்லாவை விட்டு வெளியே வரலாமா என்பதே எங்களுக்குத் தெரியாது. இன்னொரு பயமும் உண்டு. குரல் உடைகிற இடத்தில் அவளுடைய வலக்கை இன்னும் கீழே போகிறது. ஹசீபா கணக்கு வைத்தாள்: பத்து முறைக்கு நான்கு முறை. போன வாரம் மூன்று. கையை மேசைமீது வைத்துக்கொள் என்றாள். வைத்தாள், விரல்கள் தனியாகத் துடித்தன.

எட்டு வருடப் பழக்கத்தை ஆறு வாரத்தில் எப்படி நிறுத்துவது? அதுவும் நல்ல பழக்கத்தை?

8

சாத்தியமான முடிவுகள்.

தேறிவிடுகிறாள். ஆகஸ்டில் தூதரகம், செப்டம்பரில் ஃபிராவ் ஹில்ட்ரூப்பின் கடை. ஜானா புது வீட்டில் அறை அறையாக ஓடி எண்ணுகிறாள். எங்கள் தெருவில் ஹசீபா எதிர்க் கடைக்குப் போகப் பழகிக்கொள்கிறாள்.

தோற்றுவிடுகிறாள். ஃபிராவ் ஹில்ட்ரூப் இன்னொரு கடிதம் எழுதுகிறார், கையால், மிகுந்த வருத்தத்தோடு. இஸ்மேதா அறுபத்திரண்டாவது கடைக்கு எழுத உட்காருகிறாள். நெஜாத் சமையலறையில் நிற்கிறான்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் போகிறது. தேறிவிடுகிறாள், போய்விடுகிறாள், நன்றாக இருக்கிறாள். சில வருடம் கழித்து, யார் குரல் உடைந்தாலும் அவள் கை அசைவதில்லை. நாற்காலியும் போடுவதில்லை. அதற்கு நேரமில்லை, பின்னால் வரிசை. அப்படி ஆனால் அதிலும் என் பங்கு உண்டா? அவளுடைய கையை நிறுத்தப் பழக்கியவர்களில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேனே.

மார்ச்சில் என் நன்மையை அவள் தலையில் ஏற்றினேன். அதற்கு நான் ஒன்றும் இழக்கவில்லை, அவள் இழந்தாள். அடுத்தவர் கையால் செய்யும் நன்மை மிகச் சுலபமாக இருக்கிறது. இது ஒன்றைத்தான் இந்த வருடம் கற்றேன். ஐம்பத்து மூன்று வயதில்.

9

இன்று செவ்வாய்க்கிழமை. ஜூலை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒரே மூச்சில் இன்று காலைதான் முழுசாக எழுதுகிறேன், பழைய வரைவுகளை எல்லாம் பக்கத்தில் பரப்பிவைத்துக்கொண்டு. ஏனென்றால் இன்று பதினொரு மணிக்கு ஜெர்மனியில் அவளுக்குத் தேர்வு. சும்மா உட்கார முடியவில்லை. கூட்டுறவு வங்கியின் ஒப்பந்தம் ஒன்று மொழிபெயர்க்கக் கிடக்கிறது. முதல் வரியை நான்கு முறை படித்தேன், எந்த மொழி என்றே புரியவில்லை.

ஹசீபா பத்தரைக்கு எட்டிப் பார்த்தாள். "என்ன பண்ற?"

"எழுதுறேன்."

"பிரார்த்தனை பண்ணேன்."

"அதுவும்தான்."

"ரெண்டும் சேத்துப் பண்ணாத. ரெண்டும் கெட்டுப்போகும்." போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்து, "அந்த ஊர்ல மணி நம்ம மணிதானே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது பன்னிரண்டு நாற்பது. முடிந்திருக்கும். முடிவை அன்றே, நேரிலேயே சொல்லிவிடுவார்கள்; காரணம் எழுதிய தாள்தான் பிறகு வரும். முடிந்துபோன ஒன்றுக்காக வேண்டிக்கொள்ளலாமா என்று எங்கள் இமாமிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அல்லாஹ்வுக்கு நேத்து நாளைன்னு இருக்கா என்ன? நீ பாட்டுக்குக் கேளு, ராஸியா," என்றார். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சற்றுமுன் என் தொலைபேசி அதிர்ந்தது. ஒரே முறை. செய்தி. ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதிர்ந்ததில் கொஞ்சம் நகர்ந்து பூந்தொட்டியில் முட்டி நிற்கிறது. நான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் மேலே எழுதிய எல்லாவற்றையும், முடிவு முன்பே தெரிந்தவள்போலத் திருத்தத் தொடங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். தேறியிருந்தால் எல்லாம் இறைவன் ஏற்பாடு என்று எழுதுவேன். தோற்றிருந்தால் நான்காம் பகுதியைக் கிழித்துப்போடுவேன்.

ஆகவே உங்களிடம் ஓர் உதவி.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் உள்ளறைக்குப் போய்த் தொழப்போகிறேன். பத்து நிமிடம் ஆகும். இன்று கொஞ்சம் கூடவே ஆகலாம். கதவைச் சாத்தமாட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் போய்த் தொலைபேசியைத் திருப்பிப் பாருங்கள். இஸ்மேதா கோபித்துக்கொள்ளமாட்டாள், இவ்வளவு தூரம் வந்தவர்கள் நீங்கள்.

நல்ல செய்தி என்றால் சத்தமாகக் கூப்பிடுங்கள். தொழுகையில் இருக்கிறாளே என்று பார்க்கவேண்டாம், ஹசீபாவுக்கும் கேட்கவேண்டும்.

இல்லையென்றால் கூப்பிடாதீர்கள். ஒன்றும் சொல்லவும் வேண்டாம். அலமாரியில் காபித்தூள் இருக்கிறது, செம்புப் பாத்திரம் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீரை ஏற்றி வையுங்கள். தொழுது முடிக்கும்போது அந்த மணம் வந்தால் நான் புரிந்துகொள்வேன். பிறகு நீங்கள் உடனே கிளம்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.